திங்க் டாங்க் எழுதிய பேப்பர் அமெரிக்க அரசின் கொள்கையாக மாறியது என்பதை எப்படி நிறுவுவது?

யமுனா_விடுதி | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அடுத்த மாதம் டெல்லியில் ஒரு மாணவர் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறேன். அமெரிக்க வெளியுறவுக் கொள்கையில் நியோகான் (புதிய பழமைவாத) திங்க் டாங்க்குகளின், அதாவது கொள்கை ஆய்வு அமைப்புகளின், செல்வாக்கு என்பது தலைப்பு. வாசிக்க 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம்.

வரைவின் ஓட்டம் இது: 1997ல் பிஎன்ஏசி (புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்) தொடங்கியது. 1998 ஜனவரியில் சதாமை அகற்றச் சொல்லி கிளின்டனுக்குக் கடிதம் போனது. அதில் கையெழுத்திட்ட செனி, ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ் 2001ல் புஷ் ஆட்சியில் முறையே துணை அதிபர், பாதுகாப்பு அமைச்சர், துணைப் பாதுகாப்பு அமைச்சராக உட்கார்ந்தார்கள். 2003ல் இராக் போர். நடுவில், 2000ஆம் ஆண்டு அறிக்கையில் "புதிய பேர்ல் ஹார்பர்" (1941ல் ஜப்பான் திடீரெனத் தாக்கிய அமெரிக்கக் கடற்படைத் தளம்) ஒன்று தேவை என்று அவர்கள் எழுதியதையும் சேர்த்திருக்கிறேன்.

வழிகாட்டி படித்துவிட்டு ஓரத்தில் எழுதியது ஒரே வரி: "இது தேதி வரிசை, காரணம் எங்கே?"

அதனால்தான் கேட்கிறேன். செல்வாக்கு என்பதை ஆவணத்தில் எப்படிப் பிடிப்பது? இந்த அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை டெல்லியில் உட்கார்ந்தபடி பார்க்க முடியுமா? இராக்கைத் தவிர வேறு நல்ல உதாரணம் உண்டா? இந்தியாவைத் தொட்ட ஒரு விஷயமாவது இருந்தால் கேட்பவர்கள் தூங்காமல் இருப்பார்கள்.

---

பழையஃபைல் | செவ்வாய், இரவு 11.15

தம்பி, முதலில் தகவல் பிழைகளைக் களையுங்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் பிடித்துவிட்டால் மிச்சக் கட்டுரையும் அதோடு போய்விடும்.

1998 ஜனவரி 26 கடிதத்தில் செனி கையெழுத்துப் போடவில்லை. அவர் பெயர் இருப்பது 1997 ஜூன் 3 கொள்கைப் பிரகடனத்தில். பிரகடனத்தில் 25 பேர், கடிதத்தில் 18 பேர். இந்த இரண்டு பட்டியலையும் போட்டுக் குழப்பாத கட்டுரையே அபூர்வம். கடிதத்தின் 18 பேரில் புஷ்ஷின் முதல் பதவிக்காலத்தில் முழுநேர வெளியுறவு, பாதுகாப்பு, வர்த்தகப் பதவிக்குப் போனவர்கள் ஒன்பது பேர்: ரம்ஸ்ஃபெல்ட், வுல்ஃபோவிட்ஸ், ராட்மன் ஆகியோர் பென்டகனுக்கு, ஆர்மிடேஜ், போல்டன், டோப்ரியான்ஸ்கி வெளியுறவுத் துறைக்கு, ஏப்ரம்ஸ், கலீல்ஸாத் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலுக்கு, ஸோலிக் வர்த்தகப் பேச்சுவார்த்தைக்கு. ரிச்சர்ட் பெர்ல், ஜேம்ஸ் வூல்ஸி போன்றோர் ஆலோசனை வாரியங்களில்தான் இருந்தார்கள். இந்த ஒன்பதிலும் ஆர்மிடேஜ் வெளியுறவு அமைச்சர் காலின் பவலின் வலதுகை. இராக் விஷயத்தில் பென்டகனோடு மல்லுக்கு நின்ற முகாம் அது. ஆக, தலையை எண்ணினால் எண்ணிக்கை கிடைக்குமே தவிர செல்வாக்கு கிடைக்காது.

பேர்ல் ஹார்பர் வாக்கியத்தை ஒன்று முழுப் பத்தியாகத் தாருங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். 2000 செப்டம்பர் அறிக்கையின் 51ஆம் பக்கத்தில் இருக்கிறது. ராணுவத்தைப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாற்றுவது மெதுவாகத்தான் நடக்கும், பேர்ல் ஹார்பர் மாதிரி ஓர் அதிர்ச்சி வந்தால்தான் வேகம் பிடிக்கும் என்பது அங்கே வாதம். அந்த இடத்தில் பேச்சு ஏவுகணை, விண்வெளி, விமானம் பற்றியது. "வேண்டும்" என்று அவர்கள் எழுதவில்லை. இதை வைத்து சதிக் கதை பின்னியவர்கள் ஏராளம், அந்த வரிசையில் நீங்களும் நிற்க வேண்டாம்.

இனி காரணம். அதே அறிக்கையின் முன்னுரையைப் படித்தீர்களா? முதல் புஷ் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் செனியின் பாதுகாப்புத் துறை வகுத்த வியூகத்தின் மேல்தான் கட்டுகிறோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அது 1992ஆம் ஆண்டின் பாதுகாப்புத் திட்ட வழிகாட்டி. வுல்ஃபோவிட்ஸின் அலுவலகத்தில் கலீல்ஸாத் முதலியோர் எழுதிய வரைவு. அமெரிக்காவுக்குப் போட்டியாக இன்னொரு வல்லரசு எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சாரம். அந்த மார்ச்சில் பத்திரிகைக்குக் கசிந்து, பெரிய கூச்சலாகி, வாசகத்தை மழுங்கடித்துத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

ஆக, யோசனை பிறந்தது திங்க் டாங்க்கில் அல்ல, அரசுக்குள்ளேயே. தேர்தலில் தோற்றதும் ஆட்களும் தாள்களும் வெளியே வந்தன. எட்டு வருஷம் அவற்றை உலராமலும் புழுக்காமலும் வைத்திருந்த குதிர்தான் பிஎன்ஏசியும், அமெரிக்கன் எண்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட்டும் (இனி ஏஇஐ). 2001ல் குதிரைத் திறந்து மறுபடி விதைத்தார்கள். 2002 செப்டம்பர் தேசியப் பாதுகாப்பு வியூகத்தில் "எவரும் எட்ட முடியாத ராணுவ பலம்" என்ற எண்ணம் திரும்ப வருவதைப் பாருங்கள். 1992, 2000, 2002 மூன்று வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சிலைடு போட்டாலே வழிகாட்டி கேட்ட "எங்கே"வுக்குப் பாதி பதில் ஆகிவிடும்.

மீதிப் பாதி இராக் சங்கிலி. இதில் ஒவ்வொரு கண்ணிக்கும் தாள் இருக்கிறது. 1998 ஜனவரி கடிதம். அதே ஆண்டு அக்டோபர் 31ல் கிளின்டன் கையெழுத்திட்ட இராக் விடுதலைச் சட்டம், பொதுச் சட்ட எண் 105-338. பிரதிநிதிகள் சபையில் 360க்கு 38, செனட்டில் ஒருமனதாக. சதாம் ஆட்சியை அகற்றும் முயற்சிகளை ஆதரிப்பதே அமெரிக்கக் கொள்கையாக இருக்க வேண்டும் என்கிறது, எதிர்ப்புக் குழுக்களுக்கு 9.7 கோடி டாலர் வரை ராணுவ உதவிக்கு வழி செய்கிறது. ஆனால் 8ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தைக் காட்டி அமெரிக்கப் படையை இறக்க முடியாது என்கிறது. அந்தப் பிரிவை விட்டுவிட்டு எழுதினால் அடி வாங்குவீர்கள். அடுத்து 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தந்த தீர்மானம், 107-243. அதன் முகவுரையில் 1998 சட்டத்தைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் தேடும் கைரேகை இதுதான். ஆட்சி மாற்றம் என்ற எண்ணம் தனியார் கடிதத்திலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து போர் அனுமதிக்கும் போன பாதை.

ஒன்றை மறக்க வேண்டாம், அவர்கள் தோற்ற தேதிகளையும் எழுதுங்கள். 2001 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, இத்தனை பேர் உள்ளே இருந்தும், இராக் கொள்கை பவல் முன்வைத்த "சாமர்த்தியத் தடைகள்" (ராணுவப் பயன்பாட்டுப் பொருள்களைக் குறிவைக்கும் தடைகள்) பக்கமே போயிற்று. செப்டம்பர் 15 கேம்ப் டேவிட் கூட்டத்தில் வுல்ஃபோவிட்ஸ் இராக்கைக் கிளப்பினார், புஷ் ஆப்கானிஸ்தானை முதலில் எடுத்தார். தாக்குதலில் இராக்குக்குத் தொடர்பு நிரூபணமாகாவிட்டாலும் சதாமை அகற்றும் முயற்சி வேண்டும் என்று செப்டம்பர் 20ல் பிஎன்ஏசி இன்னொரு கடிதம் எழுதியது. அக்டோபர் 7ல் குண்டு விழுந்ததோ ஆப்கானிஸ்தானில். ஆளும் தாளும் மட்டும் போதுமென்றால் இந்த எட்டு மாதத்துக்கு விளக்கம் இருக்காது. அதிர்ச்சிக்குப் பிறகு, என்ன செய்வது என்று அதிபர் தடுமாறும் நேரத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் ஏற்கெனவே எழுதிவைத்த விடை இருந்தது. அதுதான் விஷயம்.

---

சாந்தினிசௌக்_சாம்பார் | புதன், காலை 8.05

பழையஃபைல் சார் சொன்னதுல ஒண்ணு குறையுது. நியோகான்னா யாருன்னு முதல் பத்தியிலயே வரையறை பண்ணிடுங்க. புஷ் கூட இருந்த எல்லாரையும் நியோகான்னு எழுதறது தமிழ்ப் பத்திரிகைல ரொம்ப நாளா நடக்குது.

செனி, ரம்ஸ்ஃபெல்ட் ரெண்டு பேரும் கடும் தேசியவாதிகள். அமெரிக்க பலத்தைக் காட்டணும், அவ்வளவுதான். அடுத்த நாட்டுல ஜனநாயகத்தை நட்டு வளர்க்கறதுல ரம்ஸ்ஃபெல்டுக்கு ஆர்வமே கிடையாது, சீக்கிரம் படையைக் குறைச்சுட்டு வெளிய வரணும்னுதான் நின்னார். போல்டன் தன்னை நியோகான்னு சொல்றதையே ஏத்துக்க மாட்டார். ஆட்சியைக் கவிழ்த்துட்டு அங்க ஜனநாயகமும் வரணும்னு நம்பினது வுல்ஃபோவிட்ஸ், பிஎன்ஏசியை ஆரம்பிச்ச பில் கிறிஸ்டல், ராபர்ட் கேகன் வகையறா. ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் (1973) நியோகான் இல்ல, பொதுவான பழமைவாத அமைப்பு. கேகனே கார்னெகியில இருந்தவர், அப்புறம் ப்ரூக்கிங்ஸுக்குப் போனார். ரெண்டையும் யாரும் நியோகான் கூடாரம்னு சொல்ல மாட்டாங்க. அமைப்பை வெச்சு ஆளை முடிவு பண்ணாதீங்க, ஆளை வெச்சு அமைப்பையும் முடிவு பண்ணாதீங்க.

வேர் இன்னும் பழசு. 1970கள்ல ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹென்றி ஜாக்ஸன் ஆபீஸ்லதான் பெர்ல் வேலை பார்த்தார். 1976ல சோவியத் பலத்தைப் பத்தி சிஐஏ கணிப்பு சரியான்னு வெளியாட்களை வெச்சுப் பார்த்த 'டீம் பி', தலைமை ரிச்சர்ட் பைப்ஸ், அதுலயும் வுல்ஃபோவிட்ஸ் இருந்தார். ஒரே ஒரு கட்டுரை ஒருத்தரைப் பதவிக்குக் கொண்டுபோன கதை வேணும்னா ஜீன் கர்க்பாட்ரிக். ஏஇஐல இருந்தவங்க, 1979 நவம்பர்ல காமெண்டரி பத்திரிகைல எழுதினாங்க, அதை ரீகன் படிச்சார், 1981ல ஐ.நா. தூதர். அப்ப அவங்க ஜனநாயகக் கட்சிக்காரங்க!

இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தலைப்புல எழுதறவங்க வழுக்கி விழுற குழி "யூத லாபி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறது. அது ஆராய்ச்சி இல்ல, பழைய வெறுப்புப் பேச்சு. கையெழுத்துப் பட்டியலே அதைப் பொய்யாக்கும்: ஃபுகுயாமா, கலீல்ஸாத், பென்னட், போல்டன், டோப்ரியான்ஸ்கி. மதத்தை எண்ணாதீங்க, வாதத்தைப் படிங்க.

இன்னும் ஒண்ணு. 2002 அக்டோபர்ல அந்தப் போர் அனுமதித் தீர்மானத்துக்கு செனட்ல 77க்கு 23. அந்த 77ல 29 பேர் ஜனநாயகக் கட்சி. வேணாம்னு சத்தமா சொன்ன பெரிய மனுஷர் யாருன்னு பார்த்தா, அப்பா புஷ்ஷோட பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கௌகிராஃப்ட். இதுக்கு உங்க கட்டுரைல இடம் இல்லன்னா அது வாதம் இல்ல, வழக்கு.

---

யமுனா_விடுதி | புதன், மதியம் 1.20

செனி பிழையைத் திருத்திவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டது வேறு தாளில் என்று தெரியாமல் இரண்டு மாதம் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது தனிக் கதை. நன்றி சார், நன்றி அண்ணா.

பணம் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பிஎன்ஏசி என்று போட்டு வரிக் கணக்குத் தளங்களில் தேடினால் ஒன்றுமே வரவில்லை.

---

தணிக்கைத்தாமரை | புதன், மாலை 6.50

வராது. பிஎன்ஏசி தனிப் பதிவு பெற்ற நிறுவனம் இல்லை. நியூ சிட்டிசன்ஷிப் ப்ராஜெக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் ஒரு திட்டமாக நடந்தது. அந்தப் பெயரில் தேடுங்கள்.

அடிப்படை இது. இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் வரிச்சட்டத்தின் 501 சி 3 பிரிவில் (வரிவிலக்கு பெற்ற அமைப்புகள்) வருபவை. ஆண்டுதோறும் ஃபார்ம் 990 என்ற வரவு செலவுப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், கேட்பவருக்குக் காட்டவும் வேண்டும். ப்ரோபப்ளிக்காவின் நான்ப்ராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் 2001க்குப் பிறகான படிவங்கள் இலவசமாகக் கிடைக்கும், இங்கிருந்தே திறக்கலாம். மொத்த வருமானம், செலவு, அதிகாரிகளின் சம்பளம், லாபி செலவுக்கான ஷெட்யூல் சி, தொடர்புள்ள அமைப்புகளுக்கான ஷெட்யூல் ஆர் எல்லாம் அதில் உண்டு (சி, ஆர் இரண்டும் 2008 படிவத்திலிருந்துதான்). புதிய படிவம் என்று எடுத்தாலும் ஒன்றரை இரண்டு வருஷம் பழையதாகத்தான் இருக்கும். நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி கெடு, அதற்கு மேல் ஆறு மாத நீட்டிப்பு, பிறகு அது வெளியே வர வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஷெட்யூல் பி. பெரிய நன்கொடையாளர் பட்டியல் அங்கேதான், ஆனால் பொதுப் பிரதியில் பெயர்களை மறைத்துவிடுவார்கள். "ஏஇஐக்கு யார் கொடுத்தார்கள்" என்று ஏஇஐயின் படிவத்தில் தேடுவது வீண்.

தலைகீழாகப் போங்கள். கொடுக்கிறவர் தனியார் அறக்கட்டளையாக இருந்தால் அது தாக்கல் செய்வது ஃபார்ம் 990-பிஎஃப். அதில் யாருக்கு எவ்வளவு மானியம் என்று பெயரோடு பட்டியலிட்டே ஆக வேண்டும், மறைக்க வழியில்லை. மில்வாக்கியின் பிராட்லி, 2005ல் மூடிய ஜான் ஒலின், ஸ்கைஃப், ஸ்மித் ரிச்சர்ட்சன் என்று நான்கு அறக்கட்டளைகளின் 990-பிஎஃப் எடுத்து, பெறுநர் பெயரை ஒரு எக்ஸெல் தாளில் ஏற்றினால் பாதிப் படம் தெரியும். பெறுநர் பெயரின் எழுத்துக்கூட்டல் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் முகவரியையும் வைத்துப் பொருத்துங்கள்.

மீதிப் பாதி தெரியாது. காரணம் இரண்டு. தனிநபர் நேரடியாகக் கொடுத்தால் 990-பிஎஃப் கிடையாது. டோனர்ஸ்ட்ரஸ்ட் போன்ற இடைக்கணக்கு வழியாகக் கொடுத்தால் இடைக்கணக்கின் பெயர்தான் தெரியும், பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். கட்டுரையில் "தெரிந்த நிதி" என்று எழுதுங்கள், "மொத்த நிதி" என்று எழுதாதீர்கள்.

லாபி பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 501 சி 3 அமைப்பு லாபி செய்யவே கூடாது என்பார்கள். செய்யலாம், அளவோடு. 501 ஹெச் என்ற தேர்வை எடுத்துக்கொண்டால் முதல் 5 லட்சம் டாலர் செலவில் 20 சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் விகிதம் படிப்படியாகக் குறையும், உச்சவரம்பு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர். அதைவிட முக்கியம், வரிச் சட்டத்தில் லாபி என்றால் குறிப்பிட்ட மசோதாவுக்கு ஆதரவு அல்லது எதிர்ப்புத் தேடுவது. பென்டகன் அதிகாரியைப் பார்த்து "இத்தனை பிரிகேட் அனுப்புங்கள்" என்பது அந்தக் கணக்கிலேயே வராது. நடுநிலை ஆய்வு என்ற பெயரில் வரும் அறிக்கைக்கும் விலக்கு. ஷெட்யூல் சி-யில் பூஜ்யத்தைப் பார்த்து "இவர்கள் லாபி செய்யவில்லை" என்று முடிவு கட்டுவது கேலிக்கூத்து.

ஆட்கள் பக்கம் வேண்டுமானால்: பதவிக்கு வருபவர் ஓஜிஇ 278 என்ற சொத்து விவரப் படிவம் கொடுப்பார். எந்த அமைப்பிலிருந்து எவ்வளவு சம்பளம், 5,000 டாலருக்கு மேல் யாரிடம் கூலி வாங்கினார் என்பதெல்லாம் இருக்கும். ஆனால் ஆறு வருஷத்துக்கு மேல் துறைகள் வைத்திருப்பதில்லை. 2001 ஆட்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. செனட் நியமன விசாரணைப் பதிவுகளைப் பாருங்கள், அவை அழியாது. பதவிகளின் முழுப் பட்டியலுக்கு ப்ளம் புக், 2024 வரை அதிபர் தேர்தல் முடிந்ததும் வந்தது.

---

பழையஃபைல் | புதன், இரவு 10.30

தாமரை அம்மா சொன்ன ப்ளம் புக்கை ஒட்டி ஒரு பக்கக் குறிப்பு. அமெரிக்காவில் ஆட்சி மாறினால் சுமார் 4,000 அரசியல் பதவிகள் கைமாறும், அதில் 1,200க்கு மேல் செனட் ஒப்புதல் வேண்டியவை. அத்தனை பேரையும் எங்கிருந்து பிடிப்பது? நம் வெளியுறவு அமைச்சகத்தில் ஐஎஃப்எஸ் அதிகாரிகள் அப்படியே இருப்பார்கள், மேலே நாலைந்து பேர் மாறுவார்கள். சாணக்யபுரியில் விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷனின் தொடக்க இயக்குநர் 2014ல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார், உண்மைதான். ஆனால் அவரும் காவல் பணியிலிருந்து வந்தவர். குதிர் அங்கே வேண்டியிருப்பதற்கும் இங்கே அவ்வளவாகத் தேவைப்படாததற்கும் காரணம் இந்த 4,000.

2003 பிப்ரவரி 26 அன்று ஏஇஐ விருந்தில் புஷ் பேசியதை மேற்கோள் காட்டலாம். உங்களிடமிருந்து 20 மூளைகளைக் கடன் வாங்கியிருக்கிறேன் என்றார். படையெடுப்புக்கு மூன்று வாரம் முன்பு, ஜனநாயக இராக் அந்தப் பிராந்தியத்துக்கே முன்னுதாரணம் ஆகும் என்று சொன்ன அதே உரை. அப்போது ஏஇஐ, பிஎன்ஏசி, வீக்லி ஸ்டாண்டர்டு பத்திரிகை மூன்றும் வாஷிங்டன் 17ஆம் தெருவில் 1150 எண் கட்டடத்தில் இருந்தன. லிஃப்ட்டில் ஏறினால் ஆய்வு, கடிதம், தலையங்கம் மூன்றையும் பார்த்துவிடலாம்.

---

லோதி_நிழல் | வியாழன், காலை 7.45

இராக்கைத் தவிர வேறு உதாரணம் கேட்டீர்கள். இராக்கிலேயே இன்னும் சுத்தமான உதாரணம் இருக்கிறது: 2007 சர்ஜ், அதாவது கூடுதல் படை. போர் தொடங்கிய கதையில் காரணங்கள் பத்து இருக்கும். இதில் ஒரு எண் இருக்கிறது, எண்ணைப் பின்தொடரலாம்.

2006 நவம்பர் 7, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் காங்கிரஸ் தேர்தலில் குடியரசுக் கட்சி தோற்றது. மறுநாள் ரம்ஸ்ஃபெல்ட் விலகல் அறிவிப்பு. டிசம்பர் 6, இராக் நிலைமையை ஆராய அமைத்த இருகட்சி பேக்கர்-ஹாமில்டன் குழு 79 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது: போரிடும் படையைப் படிப்படியாக வெளியே எடுங்கள், இரானோடும் சிரியாவோடும் பேசுங்கள். தளபதிகள் கேஸியும் அபிஸைதும் கூடுதல் படை வேண்டாம் என்றார்கள், முப்படைத் தலைவர்களுக்கும் விருப்பமில்லை.

அந்த வாரமே ஏஇஐயில் ஃப்ரெடரிக் கேகன் (ராபர்ட்டின் தம்பி) ஒரு திட்டப் பயிற்சி நடத்தினார். ஓய்வுபெற்ற ஜெனரல் ஜாக் கீன் உடன் நின்றார். அவர்களிடம் இருந்தது பொத்தாம்பொதுவான "உறுதி காட்டுங்கள்" இல்லை. ராணுவ பிரிகேடும் மரைன் ரெஜிமென்டுமாக ஏழு, பாக்தாத்தில் எந்தெந்தப் பேட்டை முதலில், மக்களைக் காப்பதே முதல் வேலை, எந்தப் படைப்பிரிவைத் தங்கவைத்து எதைச் சீக்கிரம் அனுப்பினால் அந்த எண்ணிக்கை தேறும் என்று கால அட்டவணை. "அவ்வளவு படை நம்மிடம் இல்லையே" என்ற பென்டகன் பதிலுக்கு முன்கூட்டியே விடை அதில் இருந்தது. டிசம்பர் 11ல் கீன் வெள்ளை மாளிகையில் புஷ்ஷைப் பார்த்தார், 14ல் ஏஇஐ பகிரங்கமாக வெளியிட்டது, ஜனவரி 10ல் புஷ் அறிவித்தார்: பாக்தாத்துக்கு ஐந்து பிரிகேட், அன்பாருக்கு 4,000 மரைன்கள்.

இங்கே நிறுத்தினால் "ஏஇஐ போட்ட உத்தரவு" என்று ஆகிவிடும், அது தப்பு. வெள்ளை மாளிகைக்குள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்டீபன் ஹாட்லியின் ஆட்கள் இலையுதிர் காலத்திலிருந்தே கொள்கையை மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் லூட்டி அக்டோபரிலேயே கூடுதல் படைக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பேக்கர்-ஹாமில்டன் அறிக்கையே, களத் தளபதி கேட்டால் குறுகிய காலச் சேர்ப்பை ஆதரிக்கலாம் என்று ஓர் இடத்தில் வாசல் திறந்து வைத்தது. உள்ளே விருப்பம் இருந்தது, சீருடை அணிந்தவர்களின் ஒப்புதல் இல்லை. நான்கு நட்சத்திர ஓய்வு ஜெனரல் ஒருவர் வெளியிலிருந்து "முடியும், இதோ கணக்கு" என்றபோது அந்தத் தடை தளர்ந்தது. திங்க் டாங்க் தந்தது யோசனையை அல்ல, யோசனைக்கு ராணுவ மரியாதையை.

ஏழு கேட்டார்கள், ஐந்தும் கொஞ்சமும் கிடைத்தது. அந்த இடைவெளியையும் எழுதுங்கள்.

---

சாந்தினிசௌக்_சாம்பார் | வியாழன், மதியம் 2.10

இந்தியா சம்பந்தமா: ரெண்டு இருக்கு, ஒண்ணுதான் உங்க தலைப்புக்குப் பொருந்தும்.

பொருந்தாதது 2003. இராக்குக்கு ஒரு டிவிஷன், 17,000 பேர் கிட்ட அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டுது. ஜூலை 14ல வாஜ்பாய் அரசு, ஐ.நா. ஆணை இல்லாம முடியாதுன்னுடுச்சு. சுவாரஸ்யமான கதைதான், ஆனா அது பென்டகனோட ஆள் பற்றாக்குறை. திங்க் டாங்க் தலைல கட்டாதீங்க.

பொருந்தறது இரான். ஃபவுண்டேஷன் ஃபார் டிஃபென்ஸ் ஆஃப் டெமாக்ரசீஸ், எஃப்டிடி, 2001ல ஆரம்பிச்சது. இரானோட போட்ட 2015 ஜூலை அணு ஒப்பந்தத்தை ரொம்ப விரிவா, ஷரத்து ஷரத்தா எதிர்த்த அமைப்பு. இங்கயும் அவசரப்படாதீங்க. அதோட தலைவர் மார்க் டுபோவிட்ஸ் 2017ல சொன்னது ஒப்பந்தத்தைத் திருத்து, நெருக்கடி குடுன்னு. அடியோட வெளியேற வழின்னு 2017 ஆகஸ்ட்ல குறிப்பு எழுதி வெளியிட்டது போல்டன். 2018 ஏப்ரல் 9ல அவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், மே 8ல டிரம்ப் வெளிய வந்தார். அப்புறம் 2019 தொடக்கத்துல எஃப்டிடியோட ரிச்சர்ட் கோல்ட்பெர்க் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலுக்குள்ள இரான் பிரிவுக்கு வந்தார். அவர் அங்க இருந்தப்பவும் எஃப்டிடி சம்பளம் குடுத்ததா செய்தி வந்துது. அந்த ஆகஸ்ட்ல இரான் அரசாங்கமே எஃப்டிடி மேலயும் டுபோவிட்ஸ் மேலயும் தடை போட்டுது. எதிராளியே செல்வாக்குக்கு சர்ட்டிஃபிகேட் குடுத்த மாதிரி!

டெல்லிக்கு வந்த பில்: 2018 நவம்பர்ல இந்தியா உட்பட எட்டு தேசங்களுக்கு, திரும்ப வந்த இரான் எண்ணெய்த் தடையிலேர்ந்து 180 நாள் விலக்கு. 2019 மே 2 முதல் அது இல்ல. இரான் கச்சா எண்ணெய் வாங்கறதை இந்தியா நிறுத்திடுச்சு. ஆனா சாபஹார் துறைமுகத்துக்கு 2018ல தனி விலக்கு குடுத்தாங்க, ஆப்கானிஸ்தானுக்கு சரக்கு போகணும்னு. "அதிகபட்ச நெருக்கடி" கோஷ்டி முழுசா ஜெயிச்சிருந்தா அந்த ஓட்டை இருந்திருக்காது. வெளியுறவுத் துறையோட ஆப்கான் தேவை குறுக்க நின்னுது.

---

யமுனா_விடுதி | வியாழன், இரவு 8.55

பிரமாதம். 20 நிமிடத்துக்கு இத்தனையும் தாங்காது. 1992-2000-2002 வாசக ஒப்பீடு, 105-338லிருந்து 107-243 வரையான சங்கிலி, சர்ஜ், கடைசியில் இரான் எண்ணெய் என்று நான்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பண விவரத்தைக் கேள்வி நேரத்துக்கு ஒரு பக்கத் தாளாக. பிஎன்ஏசியின் தளம் இப்போது இல்லையே, மூலத்தை எங்கே எடுப்பது?

---

தணிக்கைத்தாமரை | வியாழன், இரவு 9.20

இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போடுங்கள். 2006க்கு முந்தைய பிரதியாக எடுங்கள், அமைப்பு அந்த ஆண்டோடு செயல்படுவதை நிறுத்திவிட்டது. அடிக்குறிப்பில் பிரதி எடுத்த தேதியையும் சேர்த்துப் போடுங்கள். 1992 வரைவுக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் தளம். ரகசிய நீக்கம் செய்த பக்கங்களில் கறுப்பு மையால் அடித்த பத்திகள் இருக்கும், அவற்றைப் பத்திரிகைக் கசிவில் வந்த வாசகத்தோடு சேர்த்துப் படியுங்கள். சட்டங்கள் இரண்டும் காங்கிரஸ் தளத்தில் எண்ணைப் போட்டாலே வந்துவிடும். இறுதிச் சட்ட வாசகத்தை எடுங்கள், அறிமுக மசோதாவை எடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும்.